மாப்பிள்ளையிடம் கேட்ட ப்ராசஸர் கேள்வி

என் மகள் நிவேதாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒவ்வொரு தட்டிலும் ஒப்புட்டு, அதாவது பருப்புப் போளி, வைத்து, மேலே நெய் விட்டுக்கொண்டிருந்தேன். மின்விசிறிச் சத்தம் தவிர அறையில் வேறு சத்தமில்லை.

இந்த மாதிரி நேரத்தில் முதலில் யார் பேசுவது, என்ன பேசுவது என்பதெல்லாம் எங்கள் பக்கம் ஏறக்குறைய முடிவு செய்து வைத்ததுதான். மழை எப்படி, தோட்டத்தில் என்ன வெள்ளாமை, கிணற்றில் தண்ணீர் நிற்கிறதா, வருகிற வழியில் பால வேலை முடிந்ததா. இதெல்லாம் ஓய்ந்த பிறகுதான் பையனின் வேலையைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. அதையும் பையனிடம் கேட்கக் கூடாது. அவன் அப்பாவிடம்தான் கேட்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் மழையைக் கேட்கவில்லை. தோட்டத்தைக் கேட்கவில்லை. நேராகப் பையனைப் பார்த்துக் கேட்டார்.

“ஏனுங் தம்பி, நீங்க சிப்பு கம்பெனின்னு சொன்னாங்க. இந்த அடுத்து வரப்போற கேம் பெட்டி இருக்குதுங்களே, அதுல வெக்கற ப்ராசஸரு இப்ப இருக்கறதை விட மூணு மடங்கு வேகம்ங்கறாங்க. அது நெசமுங்களா?”

தட்டில் நெய் வழிந்து ஓடியது. நான் கரண்டியை நிமிர்த்த மறந்துபோயிருந்தேன்.

வருவதற்கு முன்பே வந்துவிடும் பெட்டி

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு எங்கள் கடையைத் தெரியும். இந்த வாரம்தான் படிக்கிறீர்கள் என்றால், கணபதி ஏரியாவில் ஒரு சந்துக்குள் நாங்கள் கேம் சென்டர் வைத்திருக்கிறோம். நாலு டிவி, நாலு கேம் பெட்டி, மணிக்கணக்கில் வாடகை. காலேஜ் பிள்ளைகள் வருவார்கள், வேலை முடிந்து ஷிப்ட் ஆட்களும் வருவார்கள். என் வீட்டுக்காரர் பொன்னுசாமி அதற்கு முன்பு டிவி மெக்கானிக்காக இருந்தவர். நான் மேஜையில் உட்கார்ந்து நேரம் பார்ப்பேன், டீ விற்பேன்.

நான் பத்தாவதோடு நின்றவள். அதைவிடப் பெரிய குறை, நாலு பேர் முகத்தைப் பார்த்து எனக்குப் பேச வராது. எங்கள் கடையில் அந்தக் கஷ்டம் இல்லை. எல்லோரும் டிவியைப் பார்த்தபடி, “அக்கா, இன்னொரு மணி நேரம்” என்பார்கள். நானும் கடிகாரத்தைப் பார்த்தபடி “சரி கண்ணு” என்பேன். இந்தத் தொடரில் எழுத வருவதுகூட அப்படித்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் பக்கத்தைப் பார்க்கிறீர்கள், என்னைப் பார்ப்பதில்லை.

என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். அதுவும் அடுத்து வரப்போகிற பெட்டியைப் பற்றி என்றால் கேட்கவே வேண்டாம். கேசட் செருகி ஆடிய காலத்தில் “அடுத்து சிடில வருது புள்ள, நெசம் மாதிரியே இருக்குமாம்” என்றார். சிடி வந்தது. அதில் ஓடிய கார் சோப்புக்கட்டி மாதிரி இருந்தது. “இது இல்ல, இதுக்கு அடுத்தது. அதுலதான் நெசம் மாதிரியே” என்றார். அதுவும் வந்தது. இப்படியே எங்கள் கல்யாண வாழ்க்கை பெட்டி பெட்டியாக நகர்ந்தது.

காலையில் காபி ஆற்றும்போதே ஆரம்பித்துவிடுவார். “டெராஃப்ளாப்பு ஏறுதாம் புள்ள.” அது ஏறுகிற பொருளா, இறங்குகிற பொருளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அவர் சொல்லும்போது முகம் நன்றாக இருக்கும். அதனால் “அப்படிங்களா” என்பேன்.

உக்கடத்தில் எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ஜாபர் பாய் ஒரு தடவை சொன்னார், “நான் பெட்டி விக்கறவன். என்கிட்ட பெட்டி வர்றதுக்கு முந்தியே உங்க வீட்டுக்கு வந்துருது தங்கச்சி. அப்புறம் நான் எதுக்கு?”

தகட்டில் அடித்த ஹெச்.பி.

இதற்கெல்லாம் எதிர்க்கட்சி என் அண்ணன். எங்கள் கடையிலிருந்து இரண்டு சந்து தள்ளி அவருக்குப் பம்புசெட் பட்டறை. ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அரிசிம்பருப்பு சாதத்தில் நெய் விட்டுப் பிசைந்துகொண்டே என் வீட்டுக்காரரை வம்புக்கு இழுப்பார்.

“என்னங்க மாப்ளே, உங்க ப்ராசஸரு இந்த வாரம் எத்தனை மடங்கு?”

“சிரிங்க மச்சான், சிரிங்க. வர்றப்பத் தெரியும்.”

“நான் மோட்டார்காரனுங்க. தகட்டுல அஞ்சு ஹெச்.பி.ன்னு அடிக்கறதுக்கு ஒரு சுத்தியல் போதும். தண்ணி எவ்வளவு தள்ளுதுன்னு தொட்டில விட்டுப் பாத்தாத்தான் தெரியும். உங்காளுங்க தகட்டை மட்டும் வீடியோவுல காட்டறாங்க. தொட்டி எங்கீங்க?”

“தொட்டி வருதுங்க. வந்துட்டே இருக்குது.”

அண்ணன் சொல்வது முழுக்கச் சரி என்றும் சொல்ல முடியாது. கடைசியாக வந்த பெட்டி இருக்கிறதே, அது வெளிவந்தும் கடைகளில் கிடைக்காமல், ஜாபர் பாய் எங்கெங்கோ சொல்லி வைத்துத்தான் எங்களுக்கு வந்தது. பழைய பெட்டியையும் புதுப் பெட்டியையும் பக்கத்துப் பக்கத்து டிவியில் போட்டுவிட்டு அண்ணனை உட்கார வைத்தார் என் வீட்டுக்காரர். அண்ணன் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டும் ஒரே கழுதைதானுங்க. இதுக்குக் கொஞ்சம் பவுடர் போட்டிருக்குது” என்றார்.

ஆனால் வித்தியாசம் இருந்தது. அதை முதலில் கண்டுபிடித்தது நான். பழைய பெட்டியில் ஆட்டம் ஆரம்பிக்க ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் பிள்ளைகள் எழுந்து வந்து டீ குடிப்பார்கள், முறுக்கு எடுப்பார்கள். புதுப் பெட்டியில் அந்த வட்டமே இல்லை. தொட்டவுடன் ஆட்டம். சாயங்காலம் பிளாஸ்க்கைத் திறந்தால் டீ அப்படியே இருந்தது.

“உன்ற டீய ப்ராசஸரு குடிச்சுப்போட்டுது புள்ள!” என்று என் வீட்டுக்காரர் அவ்வளவு சந்தோஷப்பட்டார். அண்ணன் மிச்சமிருந்த டீயைக் குடித்துவிட்டுப் பட்டறைக்குப் போனார்.

அண்ணன்தான் இந்தச் சம்பந்தத்தையும் கொண்டுவந்தார். காரமடைப் பக்கம் கறிவேப்பிலைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், அண்ணனிடம் ரொம்ப வருஷமாக மோட்டார் வாங்குபவர். அவர் மகன் கௌதம், பெங்களூரில் சிப் கம்பெனியில் வேலை. அண்ணன் இதைச் சொன்ன அன்றே என் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வரப்போகிறவர் மாப்பிள்ளை என்பதே அவருக்கு மறந்துவிட்டது. சிப் உலகத்திலிருந்து ஓர் ஆள் நம் வீட்டுக்கே வருகிறார் என்றுதான் இருந்தார்.

மறுபடியும் மறுபடியும் அதே கேள்வி

இப்போது அந்த அறைக்கே வருகிறேன்.

கௌதம் ஒப்புட்டை விழுங்கிவிட்டு நிதானமாகத்தான் பதில் சொன்னார். “நெசம்னு சொல்ல முடியாதுங்க மாமா. பெட்டியே இன்னும் வரலைங்களே. இப்போதைக்குக் காயிதத்துல இருக்கற கணக்குதானுங்க.”

“எல்லா வீடியோலயும் மூணு மடங்குன்னுதான் சொல்றாங்க?”

“ஏதாச்சும் ஒரு வேலைல இருக்கலாமுங்க. மத்ததுல கொஞ்சம் கூடுனாலே பெருசுதானுங்க.”

அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். “சொல்லுங்க தம்பி! நான் சொன்னா கேக்கமாட்டாரு, நீங்க சொல்லுங்க!”

என் வீட்டுக்காரர் விடவில்லை. “சரிங்க, அதை விடுங்க. நடுவுல வர்ற படத்தை அந்தச் சிப்பே வரைஞ்சுக்குதாமே?”

“ஆமாங்க. முன்னாடி ஒரு படம், பின்னாடி ஒரு படம். நடுவுல இப்படித்தான் இருந்திருக்கும்னு அதுவா ஊகம் பண்ணிச் சேத்துக்கும். பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அது நெசமா நடந்த படம் இல்லீங்க.”

“அந்தச் சிப்பு உங்க கம்பெனிலதான் செய்யறீங்களா?”

“இல்லீங்க. நாங்க செய்யறது வண்டி மீட்டருக்கு. ஸ்கூட்டர்ல ஸ்பீடு காட்டுதில்லீங்களா, அது. அதையும் நான் செய்யறதில்லீங்க. செஞ்சு வெச்சதுல எங்க தப்பு இருக்குதுன்னு தேடறதுதான் என்ற வேலை.”

என் வீட்டுக்காரரின் முகம் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் ஆசை விடவில்லை. “அப்ப நீங்க நெசமாவே சிப்புலதான் வேலை செய்யறீங்களா?”

“ஆமாங்க மாமா.”

“கம்பெனிக்கு உள்ளாறயே போவீங்களா?”

“போவனுங்க.”

“கையில தொட்டுப் பாத்திருக்கீங்களா? நெசமாலுமா?”

கௌதமின் அப்பா அதுவரை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் கை நின்றது. பாதி ஒப்புட்டோடு தட்டைக் கீழே வைத்தார். எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போன வீட்டில் இனிப்பைப் பாதியில் வைப்பது சாதாரண விஷயமில்லை. நான் பார்த்தேன். நங்கையாவும் பார்த்தாள். அண்ணன் மனைவியை எங்கள் ஊரில் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். பார்க்காத ஒரே ஆள் என் வீட்டுக்காரர். அவர் அடுத்த கேள்வியை யோசித்துக்கொண்டிருந்தார்.

“ஊட்டுக்குப் போயிப் பேசிப்போட்டுச் சொல்லியனுப்பறமுங்க” என்று எழுந்தார் காரமடைக்காரர்.

அன்று மாலை என் வீட்டுக்காரர் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். “நம்ம நிவேதாவுக்குப் பாத்த பையன் தங்கமான பையன். நமக்குப் புடிச்ச மாதிரி ஒரு பொய்யி சொல்லியிருக்கலாம். சொல்லலியே!”

சொல்லியனுப்பவில்லை

ஒரு வாரம் போனது. அடுத்த வாரமும் பாதி போனது. காரமடையிலிருந்து பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். இலை போட்டேன், உட்காரவில்லை.

“மாப்ளே, காரமடைக்காரரு பட்டறைக்கு வந்திருந்தாரு. நீங்க அவரு பையனைச் சந்தேகப்படறீங்கன்னு நெனச்சுட்டாரு.”

“சந்தேகமா? நானா?”

“‘நெசமா வேலை செய்யறியா, உள்ளாற போவியா, தொட்டுப் பாத்தியான்னு மறுக்கா மறுக்கா கேக்கறாருங்க. எங்களை, வேலை இல்லாமலே இருக்குதுன்னு சொல்லிப் பொண்ணு கேக்க வந்த கூட்டம்னு நெனச்சுட்டாரு. அந்த ஊட்டுல எப்படிங்க பொண்ணு எடுக்கறது’ன்னு கேக்கறாரு. நான் என்னன்னு சொல்லட்டும்?”

“அய்யோ மச்சான், நான் ஆசைலதானுங்க கேட்டேன்!”

“அது எனக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? இன்னும் வராத ஒரு பொட்டிக்காக, வந்த மாப்பிள்ளையத் தாட்டி உட்டுட்டீங்களே!”

அண்ணனுக்குக் கோபம் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று வந்தது. சாப்பிடாமல் போனார்.

நிவேதா அறைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். மற்றவர்களின் வலியைப் பற்றி நிதானமாகப் பேசிப் பழகியவள். துணி மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

“கௌதம்கிட்டப் பேசுனேன்மா. அவருக்கு ஒண்ணுமே இல்ல. ‘பெங்களூர்ல கூட என்ற வேலையப் பத்தி இத்தனை கேள்வி யாரும் கேட்டதில்ல’ன்னு சிரிச்சாரு. ஆனா அவங்கப்பா மனசு ஒடைஞ்சு போயிருக்காராம். அவரைத் தாண்டி வரமாட்டாராம்.”

“நீ என்ன கண்ணு நெனைக்கறே?”

மடித்த துணியை மறுபடி உதறி மடித்தாள். “எனக்கு அவரு வேணும்மா. அப்பாகிட்டச் சொல்லிப்போடாத. வெசனப்படுவாரு.”

சொல்லாமலே அவர் வெசனப்பட்டார். அடுத்த நாள் காலை காபி ஆற்றினேன். டெராஃப்ளாப் வரவில்லை. போன் மேஜையில் கவிழ்ந்து கிடந்தது. பேப்பரில் துக்கச் செய்திகள் வரும் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

கடையிலும் அப்படித்தான். வழக்கமாக வரும் ஒரு காலேஜ் பெண் கேட்டாள். “அங்கிள், புதுப் பெட்டி எப்போ? ஏதோ நியூஸ் வந்திருக்காமே?”

“தெரியல கண்ணு. இருக்கறதை ஆடு.”

அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். கடையில் என் முகத்தை யாராவது நேராகப் பார்ப்பது அபூர்வம்.

இத்தனை வருஷம் அவர் பேசியதில் எனக்கு ஒன்றும் புரிந்ததில்லை. ஆனால் அது இல்லாத வீடு, கரண்ட் போன கடை மாதிரி இருந்தது. மகள் ஆசைப்பட்டது கைவிட்டுப் போகிறது. இந்த மனிதரும் உள்ளுக்குள் அணைந்துகொண்டு வருகிறார். அண்ணன் பேசினால் கோபத்தில் கெடும். இவர் பேசினால் மறுபடி ப்ராசஸரில் போய் நிற்பார். மிச்சம் இருந்தது நான்தான்.

காரமடைக்குப் போன பஸ்

பெண்ணின் அம்மா நிச்சயத்துக்கு முன்னால் பையன் வீட்டுப் படி ஏறக் கூடாது. ஆனால் காரமடை ரங்கநாதரைக் கும்பிடப் போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு வரும் வழியில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்கலாம். நங்கையாதான் இந்த வழியைச் சொன்னாள். கூடவும் வந்தாள்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் போகும்போது நான் கேட்டேன்.

“நங்கையா, போயி என்னன்னு சொல்றது? அவருக்குச் சந்தேகம் இல்லீங்க, கேம் பெட்டிப் பைத்தியம்ங்கன்னா சொல்றது?”

நங்கையா யோசித்தாள். “அதுலயும் ஒரு சிக்கல் இருக்குது சாந்தா. சந்தேகக்காரரு பொண்ணுன்னா நாலு நாள்ல மறந்துபோவாங்க. பைத்தியக்காரரு பொண்ணுன்னா ரத்தத்துலயே இருக்குமோன்னு பயந்துக்குவாங்க.”

“அப்ப?”

“அப்ப என்ன அப்ப. நீ பேசு. நான் பக்கத்துல இருக்கேன்.”

அந்த வீட்டு வாசலிலேயே கறிவேப்பிலை வாசம் மூக்கில் ஏறியது. பெரிய களத்தில் கறிவேப்பிலை குவிந்து கிடந்தது. கௌதமின் அம்மா உட்கார்ந்து கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். “வாங்க, வாங்க, உள்ள வாங்க” என்றார். வாய் உபசரித்தது. கண் உபசரிக்கவில்லை. தண்ணீர் வந்தது, காபி வந்தது. மழை பற்றிப் பேசினோம். கோவில் கூட்டம் பற்றிப் பேசினோம். மறுபடி மழைக்கே வந்தோம். நான் அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் நாக்கு ஒட்டிக்கொண்டது. நங்கையா என் முழங்காலில் இடித்தாள்.

என்ன தோன்றியதோ, எழுந்து களத்துக்குப் போய் அந்தக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒரு பிடி எடுத்துக் கட்ட ஆரம்பித்தேன். “ஐயோ, நீங்க எதுக்குங்க!” என்று பதறி வந்தவர், நான் நிறுத்தாததைப் பார்த்து எதிரில் உட்கார்ந்து தானும் கட்டினார். இப்போது இரண்டு பேரும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குப் பேச்சு வந்தது.

“அக்கா, உங்களுக்கு ஒண்ணு சொல்றனுங்க. போன தடவை எங்க கடைக்குப் புது கேம் பெட்டி வந்துச்சுங்க. அதுல ஒரு ஊருங்க. மழை பேஞ்சு ரோட்டுல தண்ணி தேங்கி நிக்கும். கடைல இருந்த பசங்க எல்லாம், சுடு, ஓடு, குதின்னு கத்தறாங்க. எங்கூட்டுக்காரரு ஆட்டத்துல வர்ற ஆளை ஒரு குட்டைகிட்டக் கொண்டுபோயி நிறுத்திப்போட்டாருங்க. நகரவே இல்லீங்க. நான் டீ கொண்டுபோயிக் குடுத்தேன், ‘இங்க பாரு புள்ள, தண்ணிக்குள்ள கடை போர்டு தெரியுது பாரு, காத்தடிச்சா அது ஆடுது பாரு’ன்னாருங்க. ‘இது ஒருத்தரும் வரைஞ்சு வெச்சதில்ல. வெளிச்சம் எப்படி விழும்னு அந்தச் சிப்பே கணக்குப் போட்டு அப்பப்பக் காட்டுது’ன்னாருங்க. டீ ஆறிப்போச்சுங்க. அவரு கண்ணுல தண்ணிங்க.”

கௌதமின் அம்மாவின் கை மெதுவானது.

“அவருக்கு அந்தச் சிப்பு செய்யறவங்க எல்லாம் சாமி மாதிரிங்க. அங்கிருந்து ஒரு தம்பி வருதுன்னு ஒரு வாரமா தூங்கலீங்க. நெசமா, நெசமான்னு கேட்டது, உங்க பையன் சொல்றது பொய்யின்னு இல்லீங்க. அப்படி ஒரு ஆளு நம்மூட்டுல உக்காந்திருக்கறதை அவரால நம்ப முடியலீங்க. அதானுங்க.”

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. காரமடைக்காரர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது.

“அப்பச் சந்தேகம் இல்லீங்களா அம்மணி?”

நான் தலையை நிமிர்த்தாமலே சொன்னேன். “சந்தேகம் இல்லீங்கண்ணா. ஆசைங்க.”

அவர் பதில் சொல்வதற்குள் அவர் மனைவி சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிரித்து, இருமி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நீங்க இவரைக் கண்டு பயந்துட்டு வந்திருக்கீங்க. இவரு கதையச் சொல்லட்டுங்களா? போன்லயே மோட்டார் போடற பொட்டி ஒண்ணு வாங்கி வெச்சிருக்காரு. ஊட்டுக்குள்ள கட்டில்ல உக்காந்துட்டுப் போன்ல மோட்டாரைப் போடுவாரு. போட்டுப்போட்டு, ஓடுதா இல்லையான்னு பாக்கக் கெணத்துக்கு நடந்தே போவாரு!”

“அது சும்மா ஒரு தடவை...” என்றார் அவர்.

“தெனமும் ஒரு தடவை!”

“உங்கண்ணன்தானுங்க குடுத்தாரு” என்று அவர் என்னிடம் முறையிட்டார். “குடுக்கறப்பவே, இதை நம்பாதீங்கன்னு சொல்லித்தான் குடுத்தாரு.”

நங்கையா சத்தமாகச் சிரித்தாள். அது அவள் புருஷன்தானே, அவளுக்குத் தெரியாதா.

காரமடைக்காரர் சிரிக்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டார். “ஒப்புட்டைப் பாதியில வெச்சுட்டு வந்துட்டனுங்க. அது தப்புங்க” என்றார். பிறகு, “அந்தக் குட்டைத் தண்ணில, போர்டு நெசமாவே ஆடுதுங்களா?” என்று கேட்டார்.

நாங்கள் திரும்பும்போது ஒரு சாக்கு கறிவேப்பிலையை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

உப்பும் சர்க்கரையும்

எங்கள் பக்கம் நிச்சயத்தை உப்புச் சர்க்கரை என்போம். இரு வீட்டாரும் ஒருவருக்கொருவர் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். ஒரு நல்ல நாளில் எங்கள் வீட்டில் ஏற்பாடானது.

காலையிலேயே அண்ணன் வந்து என் வீட்டுக்காரரை ஓரமாக உட்கார வைத்துவிட்டார். “மாப்ளே, மழை, தோட்டம், கெணத்துத் தண்ணி. இது மட்டும் பேசுங்க. நீங்களா வேற எதுவும் ஆரம்பிச்சீங்கன்னா, வந்திருக்கற ஒறம்பரை சனத்துக்கு முன்னாடியே நான் எந்திரிச்சுப் போயிருவேன்.”

“ஆகட்டுங்க மச்சான். நான் எதுக்குங்க பேசறேன். பட்டது போதும்.”

அவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணனுக்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது. தோள் துண்டைச் சரி செய்வது மாதிரி அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

எல்லோரும் வந்தார்கள். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல, “மழை எப்படிங்க?” என்றார். “தேவலைங்க” என்றார் காரமடைக்காரர். “தோட்டத்துல என்னங்க?” “கறிவேப்பிலைதானுங்க.” “கெணத்துல தண்ணி நிக்குதுங்களா?” “நிக்குதுங்க.” முடிந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தட்டு மாறியது. உப்பு இந்தப் பக்கம், சர்க்கரை அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். நிவேதா பச்சைப் பட்டில் நமஸ்காரம் செய்தாள். கௌதமின் அம்மா அவள் தலையில் பூ வைத்தார். நான் மகளைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷப்பட வேண்டிய நாளில், உத்தரவு வாங்கி உட்கார்ந்திருப்பவர் போல இருந்தார்.

அப்போது கௌதம் அவர் பக்கமாகத் திரும்பினார்.

“மாமா, நேத்து ஒரு வீடியோ பாத்தனுங்க. அந்தப் புதுப் பெட்டியோட ப்ராசஸரு, குட்டைத் தண்ணில வெளிச்சம் விழறதை இப்ப இருக்கறதை விட நல்லாக் காட்டும்னு சொல்றாங்க. எப்படின்னுதான் எனக்குப் புரியலீங்க.”

என் வீட்டுக்காரர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எனக்குத் தலையாட்டத் தோன்றவில்லை.

“நீங்கதான் அதெல்லாம் நம்பறதில்லீங்களே தம்பி” என்றார் மெதுவாக.

“இப்பவும் நம்பலீங்க” என்றார் கௌதம். “ஆனா நீங்க சொல்லுங்க. நான் கேக்கறேன்.”

“சொல்லுங்க” என்று காரமடைக்காரரும் பாயில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “மறுக்காச் சொல்லறாப்பல இருந்தாலும் பரவால்லீங்க. மெதுவாச் சொல்லுங்க.”

என் வீட்டுக்காரர் கட்டியிருந்த கையைப் பிரித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “அது வந்துங்க, வெளிச்சம்ங்கறது...” என்று ஆரம்பித்தார்.

நங்கையா வந்து பந்திக்கு இலை போட்டாயிற்று என்று சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து சொன்னாள். யாரும் எழுந்திருக்கவில்லை. அண்ணன்கூட.